ஓட்டோ வயரிங் தெரிந்தவன் விமானத்துக்கும் வயர் இழுப்பானா?

மூதூரிலிருந்து ஒரு வாசகர், 2025 ஜனவரி 11

வெளிநாட்டில் ஆட்கள் வீட்டுக் கராஜில் சொந்தமாக விமானம் கட்டுகிறார்கள், வீடியோவில் பார்த்தேன். இரண்டு பேர் இருக்கும் சின்னச் சாமான். 12 வோல்ற் பற்றரி ஒன்று, நாலு லைற், ஒரு ரேடியோ, இவ்வளவுதான். இதற்கு ஏன் இத்தனை படமும் விவாதமும்? ஓட்டோ வயரிங் தெரிந்த எவனும் ஒரே நாளில் முடித்துவிடுவான் என்பது என் கருத்து. பிழையென்றால் சொல்லுங்கள்.

ஜனவரி 11, இரவு

மூதூர் வாசகருக்கு என் பதில்: பாதி சரி. மற்றப் பாதியை நானே இப்போதுதான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

திருகோணமலையில் உட்துறைமுகப் பக்கம் என் கடை. முப்பது வருடத்துக்கு மேலாக ஓட்டோ, லொறி, மீன்பிடி வள்ளம் என்று வயர் இழுக்கிறேன். விமானத்தில் எனக்குள்ள அனுபவம், சீனன்குடாவிலிருந்து விமானப்படையின் பயிற்சி விமானம் கிளம்பினால் அண்ணாந்து பார்ப்பது மட்டும். ஆனால் தங்கச்சியின் மகன் ஒன்ராறியோவில் ஒன்று கட்டுகிறான். பைபர் உடல், இரண்டு இருக்கை, 100 குதிரைவலு ரொட்டாக்ஸ் 912 இஞ்சின். போன வருடம் வயரிங் படத்தைக் கையால் கீறி அனுப்பி, “மாமா, இதில் என்ன பிழை?” என்று கேட்டான். அன்றோடு என் ஞாயிறு இரவுகள் போய்விட்டன.

நீங்கள் சொன்னதில் எது சரியென்றால், அந்த இஞ்சின் கரண்ட் எடுக்கும் விதம் மோட்டார்சைக்கிள் மாதிரியேதான். சக்கரத்தில் காந்தம் சுற்றும், உள்ளே கொயில் நிற்கும், அதிலிருந்து வரும் ஏசியை ஒரு ரெகுலேற்றர் பெட்டி டீசியாக்கிப் பற்றரிக்குக் கொடுக்கும். படத்தைப் பார்த்தவுடன் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இதையா இவன் விமானம் என்கிறான்?

ஜனவரி 12

“ஓட்டோ நின்றால் ஓரங்கட்டலாம், விமானம் நின்றால் விழும்” என்று நாலு பேர் எழுதிவிட்டார்கள். சொல்ல நன்றாக இருக்கிறது, ஆனால் இந்த இஞ்சினுக்கு அது பொருந்தாது. பற்றரியையே கழற்றி வெளியே எறிந்தாலும் இது ஓடும். தீப்பொறிக்கு இரண்டு தனித்தனிச் சுற்று, இரண்டுக்கும் அதன் அதன் கொயிலிலிருந்தே கரண்ட். எண்ணெய்ப் பம்ப், அதாவது பெற்றோல் பம்ப், இஞ்சினோடு சேர்ந்த மெக்கானிக்கல் பம்ப். பிறகு காபரேற்றர். பற்றரி வேண்டியது ஸ்டார்ட் பண்ண மட்டும். இதே 912இல் எண்ணெய் பீய்ச்சும் மாதிரியும் உண்டு, அதற்குக் கரண்ட் இல்லாமல் சரிவராது. மருமகனுடையது பழைய காபரேற்றர்தான்.

ஆகவே கரண்ட் முழுக்கப் போனால் அவன் இழப்பது வேகமும் உயரமும் காட்டும் திரை, ரேடியோ, ராடாருக்குத் தன்னை அறிவிக்கும் ட்ரான்ஸ்பொண்டர், லைற். எரிச்சல்தான், ஆனால் இறக்கிவிடலாம். அவனை நினைத்து நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு: புகை. மேலே, மூடிய பெட்டிக்குள், மடியில் புகை.

ஜனவரி 19

புகை என்று சொன்னதற்குக் காரணம் கேட்டிருந்தார்கள். என் வேலைதான் காரணம்.

சுனாமிக்கு அடுத்த வருடம், 2005. கரை முழுக்க உதவியாகக் கிடைத்த புதுப் பைபர் வள்ளங்கள். ஒரு நாளைக்கு மூன்று நாலு வள்ளத்துக்கு லைற் பூட்டினேன். பற்றரிப் பெட்டி அடியில், குனிந்து எட்டவேண்டும், அதனால் ஒரு வள்ளத்தில் பியூஸை மேலே லைற்றுக்குப் பக்கத்தில் வைத்தேன். மாற்றச் சுகம். லைற்றைக் காப்பாற்றத்தானே பியூஸ் என்ற நினைப்பும் இருந்தது.

சில மாதம் கழித்து, இரவு, கொட்டியாரக் குடாவில் வலை இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். பற்றரியிலிருந்து மேலே வரும் இரண்டு வயரும் ஓர் ஓட்டை வழியாக வருகின்றன. அந்த ஓட்டையின் விளிம்புக்கு நான் ரப்பர் போடவில்லை. உரசி உரசித் தோல் போய், பிளஸும் மைனஸும் முட்டிக்கொண்டன. பியூஸ் அதற்கு அப்பால் மேலே பத்திரமாக இருந்தது, அதற்கு ஒன்றும் தெரியாது. வயர் சிவந்து பைபர் புகைய, சம்மாட்டி மீன் கத்தியால் வயரை வெட்டினார். உள்ளங்கையில் காயம். மறுநாள் காலை அந்தக் கருகிய வயரைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். ஒரு சொல் பேசவில்லை. அந்தத் துண்டு இன்னும் என் லாச்சியில் கிடக்கிறது.

பியூஸ் காப்பாற்றுவது வயரை. லைற்றையோ ரேடியோவையோ காப்பாற்ற அது வரவில்லை. எனவே அது நிற்கவேண்டிய இடம் கரண்ட் புறப்படும் முனை, பற்றரிப் பக்கம். அதன் அளவையும் வயரைப் பார்த்துத்தான் தீர்மானிக்கவேண்டும். மருமகன் அமெரிக்கக் கேஜ் கணக்கில் வாங்குகிறான்: 22ஆம் கேஜுக்கு 5 அம்பியர், 20க்கு 7, 18க்கு 10, 14க்கு 15. நம்மூர்க் கடையில் கேட்பதென்றால் 22 என்பது ஏறக்குறைய 0.33 சதுர மில்லிமீற்றர், 18 என்பது 0.8, 14 என்பது 2.

ஜனவரி 20

பியூஸா, பிறேக்கரா (கரண்ட் கூடினால் தானே விழும் சுவிட்ச்) என்று கேட்டவருக்கு: பியூஸ். ஓட்டோவில் போடும் அதே தட்டைப் பியூஸ்தான், ஒரே பெட்டியில் வரிசையாக. பறக்கும்போது எரிந்த பியூஸை மாற்றத் தேவையில்லை, எட்டவும் தேவையில்லை. அது காரணத்தோடுதான் எரிந்திருக்கும். பிறேக்கர் என்றால் விரல் சும்மா இருக்காது, மறுபடி அமுக்கும். அமுக்கினால் நெருப்புக்குச் சோறு போட்ட மாதிரி.

பெப்ரவரி 2

கணக்கு. அவன் படம் கீறிவிட்டுக் கணக்குப் பார்த்தான், நான் கணக்குப் பார்த்துவிட்டுப் படம் கீறச் சொன்னேன். இதில் ஒரு வாரம் பேச்சில்லை.

ரேடியோ கேட்கும்போது அரை அம்பியர், பேசும்போது 2. ட்ரான்ஸ்பொண்டர் 1. திரை 1. வெளி லைற்றும் மின்னும் லைற்றும் எல்லாம் எல்ஈடி, சேர்த்து 2. இறங்கும் லைற், தரையில் இறங்கும்போது போடுவது, 3. துணைப் பம்ப் ஒன்றரை. போன் சார்ஜர் 2. மாஸ்டர் சோலினொயிட், அதாவது பற்றரியை மற்ற எல்லாவற்றோடும் சேர்க்கும் காந்தச் சுவிட்ச், அதன் கொயில் 1. இதை எல்லோரும் மறப்பார்கள், அவனும் மறந்தான். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டாலும் பதின்மூன்றரை. இஞ்சின் தருவது 250 வாற், அதாவது 18 அம்பியர் மட்டில். தாராளம்.

ஒல்டர்னேற்றர், அந்தக் காந்தமும் கொயிலும், செத்தால்? லைற், பம்ப், சார்ஜர் எல்லாம் நிறுத்தி, ரேடியோவில் கேட்க மட்டும் செய்தால் மூன்றரை அம்பியர். பற்றரி 17 அம்பியர்-மணி. தாளில் ஐந்து மணித்தியாலம் வரும். நான் பழைய பற்றரி பார்த்தே வயது போனவன், 17ஐ 10 என்றுதான் எடுப்பேன். மூன்று மணித்தியாலம்கூட வராது. ராங்கில் எண்ணெய் மூன்றரை மணிக்குப் போதும் என்கிறான். எண்ணெய் முடியுமுன் பற்றரி முடிவது எனக்குப் பிடிக்கவில்லை.

பெப்ரவரி 3

திருத்தம். 250 வாற் என்பது இஞ்சின் 5800 சுற்றில் ஓடும்போது. நிலத்தில் மெதுவாக ஓடும்போது அவ்வளவு வராது. கிளம்ப முறை வரும்வரை லைற்றையும் சார்ஜரையும் போட்டுக்கொண்டு காத்திருந்தால் பற்றரிதான் கடன் கொடுக்கும். இரவு ட்ராபிக்கில் நிற்கும் மோட்டார்சைக்கிளின் லைற் மங்குவதைப் பார்த்தவனுக்கு இது தெரிந்திருக்கவேண்டும். எனக்குத் தெரியும், எழுதும்போது வரவில்லை.

பெப்ரவரி 9, இரவு 10 மணி

இன்று காலை 11 மணி தாண்ட நாடு முழுக்கக் கரண்ட் போனது எல்லோருக்கும் தெரியும். தெற்கில் ஓர் உபமின் நிலையத்தில் குரங்கு ஒன்று மின்மாற்றியில் பட்டதுதான் காரணம் என்று அமைச்சர் சொல்லியிருக்கிறார். ஒரு குரங்கு, ஒரு தீவு.

மருமகனுக்குச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “மாமா, என் படத்தில் குரங்கு எங்கே பாயும்?” என்றான்.

நல்ல கேள்வி. வெளிச்சம் வரட்டும், நாளைக்கு எழுதுகிறேன்.

பெப்ரவரி 10

குரங்கு பாயும் இடங்களைத் தேடினோம். ஒவ்வொரு வயராக விரல் வைத்து, இது அறுந்தால் என்ன, இது மற்றதில் முட்டினால் என்ன என்று கேட்டுக்கொண்டு போனோம். இரண்டு மணித்தியாலம்.

முதல் இடம் மாஸ்டர் சோலினொயிட். பற்றரியிலிருந்து எல்லாமே அதன் வழியாகத்தான் போகின்றன. அது விட்டால் முழு இருட்டு. அதனால் இன்னொரு பாதை போடச் சொன்னேன்: ரேடியோ, ட்ரான்ஸ்பொண்டர், திரை மூன்றையும் தனிப் பஸ்ஸில் (பல வயர்கள் கரண்ட் எடுக்கும் பொதுத் தகடு) போட்டு, சாதாரண நேரத்தில் பிரதான பஸ்ஸிலிருந்து ஒரு டையோட் வழியாக ஊட்டுவது. அவசரத்தில் ஒரு சுவிட்ச் போட்டால் பற்றரியிலிருந்து நேரே, பியூஸோடு. டையோட் கரண்டைத் திரும்பிப் போகவிடாது. இரண்டு பற்றரி உள்ள வள்ளங்களில் இதே வேலை செய்திருக்கிறேன். டையோட்டில் 0.7 வோல்ற் தின்னும், பரவாயில்லை. சோலினொயிட் கொயிலின் 1 அம்பியரும் மிச்சம்: மூன்றரை, இரண்டரையாகிறது. பத்தை இரண்டரையால் பிரித்தால் நாலு மணி. எண்ணெய்தான் முதலில் முடியும். எனக்குப் பெருமையாக இருந்தது.

சோலினொயிட்டுக்கு அவன் தனிச் சாமான் தேடிக்கொண்டிருந்தான். வீண் செலவு, ஸ்டார்ட்டர் சோலினொயிட் ஒன்றையே வாங்கிப் பூட்டு, ஒரே சாமான்தான் என்றேன்.

பெப்ரவரி 11

கிண்ணியாவிலிருந்து ஒருவர்: “பிரதான பஸ், அவசர பஸ் சரி. கந்தளாய் பஸ் எத்தனை மணிக்கு?”

கந்தளாய் பஸ்ஸில் டையோட் இல்லை, அது திரும்பியும் வரும்.

பெப்ரவரி 23

பெப்ரவரி 10இல் கடைசியாக எழுதியது பிழை. அழிக்கவில்லை, கிடக்கட்டும்.

இரண்டு சோலினொயிட்டும் பார்க்க ஒன்று. அதே தகரக் குவளை, அதே இரண்டு தடித்த போல்ட். ஆனால் ஸ்டார்ட்டருக்கானது சில விநாடி வேலைக்குச் செய்தது. அதன் கொயில் நிறையக் கரண்ட் இழுக்கும், சுள்ளென்று சூடாகும், அதற்குள் நாம் கையை எடுத்துவிடுவோம். மாஸ்டர் மணிக்கணக்கில் பிடித்துக்கொண்டே இருக்கவேண்டும், அதற்கென்று தொடர் வேலைக்குச் செய்த வேறு சாமான் இருக்கிறது. அவன் மேசையில் பூட்டிப் பார்த்திருக்கிறான். கொஞ்ச நேரத்தில் தொடமுடியவில்லை, வார்னிஷ் மணம் வந்திருக்கிறது. “மாமா, ஒரே சாமான் என்றீங்களே” என்றான். பதில் சொல்லத் தெரியாமல் சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

கொயிலுக்குக் குறுக்கே ஒரு டையோட் போட மறக்கவேண்டாம். கொயிலை நிறுத்தும் கணத்தில் அது திருப்பி ஒரு குத்துவிடும், சுவிட்சின் முனை தீயும்.

மார்ச் 2

இறக்கை நுனியில் இறங்கும் லைற். 3 அம்பியர், வயர் நீளம் 4 மீற்றர். 20ஆம் கேஜ் வயர் மீற்றருக்கு 33 மில்லி ஓம். பெருக்கினால் 0.4 வோல்ற் இழப்பு. போதும் என்றேன்.

மார்ச் 3

போதாது. நேற்று இரவே ஒருவர் பிடித்துவிட்டார்: போன கரண்ட் திரும்பி வரவேண்டாமா? தகர உடல் என்றால் உடலே திரும்பும் பாதை. பைபரில் திரும்புவதற்கும் வயர்தான். ஆகவே 8 மீற்றர், 0.8 வோல்ற். 18ஆம் கேஜ் போட்டால் அரை வோல்ற். 18 போடச் சொல்லிவிட்டேன். இருபது வருடமாகப் பைபர் வள்ளத்துக்கு இரட்டை வயர் இழுக்கிறவன் இப்படி எழுதியிருக்கிறேன்.

பைபரில் ஒரு லாபமும் உண்டு. ரேடியோ அலை அதைத் தாண்டிப் போகும், அன்ரெனாவை உடலுக்குள்ளேயே வைக்கலாம். விமான ரேடியோ 118 முதல் 137 மெகாஹேர்ட்ஸ், கால் அலை நீளம் 60 சென்ரிமீற்றர் அளவில், அது வாலுக்குள் அடங்கும். கார்பன் உடல் என்றால் நடக்காது, அது அலையை மறிக்கும்.

மார்ச் 8

“இஞ்சின் நிறுத்தும் வயருக்கு எத்தனை அம்பியர் பியூஸ்?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

பூச்சியம். பியூஸே போடாதீர்கள்.

இந்த வயர் மற்றதெல்லாம் மாதிரி இல்லை, தலைகீழ். சுவிட்ச் ‘ஓஃப்’ என்றால் இங்கே முனைகள் மூடியிருக்கும், தீப்பொறிச் சுற்றை ஏர்த்தோடு முட்டவைத்து அடக்கும். ‘ஒன்’ என்றால் திறந்திருக்கும். கரண்ட் வருவதும் பற்றரியிலிருந்து இல்லை. அதில் பியூஸ் போட்டு, அந்தப் பியூஸ் எரிந்தால், சுவிட்ச் ஓஃபில் இருக்கும், இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். அதைவிட மோசம், நின்றிருக்கும் இஞ்சினின் விசிறியை யாராவது கையால் சுற்றினால் அது பற்றிக்கொள்ளலாம். வயர் அறுந்தாலும் இதே கதை.

வள்ளக்காரர் எல்லோருக்கும் இது தெரியும், பெயர்தான் தெரியாது. அவுட்போட் இஞ்சினில் கையில் மாட்டும் சிவப்புக் கயிறு இருக்கிறதல்லவா, ஆள் கடலில் விழுந்தால் இழுபட்டு இஞ்சின் நிற்கும், அது செய்வதும் இதைத்தான்.

மருமகனிடம் இரண்டு சுற்றுக்கும் இரண்டு தனிச் சுவிட்ச், இரண்டு தனி வயர், இரண்டும் வேறு வேறு வழியாக. ஒரே ஓட்டையில் விட்டால் ஒரே குரங்கு போதும்.

மார்ச் 30

வயர் முனைக்கு ஈயமா, குறட்டால் நசிக்கும் கிரிம்பா? இதில் நான் தோற்றுவிட்டேன்.

முப்பது வருடம் ஈயம் பற்றவைத்தே பிழைத்தவன். குறட்டால் நசித்த முனையை நான் மதித்ததில்லை, இங்கே உப்புக்காற்றுக்கு ஆறு மாதத்தில் பச்சைக் களிம்பு பிடித்துக் கழன்றுவரும். ஈயம் வைத்தால் உப்பு உள்ளே போகாது. சரிதானே?

சரிதான், ஆனால் ஈயம் தன் இடத்தில் நிற்காது. வயரின் இழைகளுக்குள்ளே ஊறி ஏறும். ஏறின தூரம் வரை வயர் கம்பியாகிவிடும், அதற்கு அப்பால் மென்மையாக இருக்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் அதிர்வு வேலை செய்து ஒவ்வோர் இழையாக முறிக்கும். வெளியில் தோல் நன்றாக இருக்கும், உள்ளே அறுந்திருக்கும். லொறிகளில் இப்படி எத்தனை பார்த்தேன், வயர் மலிவு என்று சொல்லி மாற்றிக் கொடுத்தேன். என் ஈயம்தான் என்று நினைக்கவே இல்லை.

களிம்புக்கும் காரணம் வேறு: நான் நசித்தது சாதாரணக் குறட்டால், வயரும் வெறும் செம்பு. மருமகன் வைத்திருப்பது முழுதாக நசியாமல் விடாத ராச்செட் குறடு. வயரின் ஒவ்வோர் இழைக்கும் வெள்ளீயப் பூச்சு, மேலே 150 பாகை தாங்கும் மெல்லிய தோல். நம் கடை பிவிசி தோல் எரிந்தால் வரும் புகையை ஒருமுறை சுவாசித்திருக்கிறேன், இரண்டாம் முறை வேண்டாம்.

நானும் ஒரு ராச்செட் குறடு வாங்கிவிட்டேன். ஈயக்கோல் விற்பனைக்கு இல்லை.

ஏப்ரல் 9

இன்று வயரிங் இல்லை.

1942இல் இதே நாளில் ஜப்பான் விமானங்கள் திருகோணமலையையும் சீனன்குடாவையும் குண்டுபோட்டன. அப்பா இருந்தவரை வருடாவருடம் இந்த நாளில் அந்தக் கதையைத் தொடங்குவார், அவருக்கு அவருடைய அப்பா சொன்னது. அதே நாளில்தான் ஹேர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் தாண்டது.

மருமகனுக்கு இதைச் சொன்னபோது அவன் எனக்கு ஒன்று சொன்னான். அந்த ஜப்பான் கப்பற்படை வருகிறது என்று முதலில் கண்டு சொன்னவர் ஒரு கனடாக்காரர். லெனாட் பேர்ச்சல், ஒன்ராறியோவின் செயின்ட் கத்தரின்ஸ் ஊரில் பிறந்தவர். ஏப்ரல் 4ஆம் தேதி கொக்கலையிலிருந்து கற்றலினா பறக்கும் படகில் போய், தெற்குக் கடலில் கப்பல்களைக் கண்டு, ரேடியோவில் செய்தி அனுப்பினார்கள். ஜப்பான்காரர் விமானத்தைச் சுட்டு வீழ்த்தினார்கள். பேர்ச்சல் பிடிபட்டு, போர் முடியும்வரை ஜப்பானில் சிறை.

செய்தி முதலில் போய்விட்டது, பிறகுதான் விமானம் போனது. ரேடியோவுக்குத் தனிப் பஸ் போட்டது சரிதான் என்று அன்று இரவு எனக்குத் தோன்றியது.

மே 4

காதுக்குள் கீ… என்ற சத்தம். இஞ்சினை மேசைப் பக்கத்தில் வைத்து ஓட்டிப் பார்த்திருக்கிறான். சுற்று ஏற ஏறச் சத்தமும் ஏறுகிறது.

ஒல்டர்னேற்றர் சத்தம்தான், வந்த வழி ஏர்த். ஹெட்போன் துளையின் உடல் பனலில் முட்டி அங்கே ஓர் ஏர்த், ரேடியோவில் ஓர் ஏர்த். இரண்டு ஏர்த்துக்கும் நடுவில் மற்றச் சாமான்களின் கரண்ட் ஓடினால் அதைக் காது கேட்கும். துளைக்குப் பைபர் வோஷர் போட்டுப் பனலிலிருந்து பிரித்து, எல்லாத் திரும்பு வயரையும் ஒரே பித்தளைத் தட்டுக்குக் கொண்டுவந்தான். போய்விட்டது. ரெகுலேற்றருக்குப் பக்கத்தில் 22,000 மைக்ரோபராட் கப்பாசிற்றர் ஒன்று வேண்டும் என்று இஞ்சின்காரர்களே சொல்லியிருக்கிறார்கள், அதையும் அவன் சோம்பலில் விட்டிருந்தான்.

ஒரே தட்டு என்றால் ஒரே குரங்கு ஆச்சே என்று கேட்கலாம். ஆம். அதனால் தட்டுக்கு ஒரு போல்ட் இல்லை, இரண்டு.

இன்னொன்று, திசைகாட்டி. டீசி வயர் தனியாகப் பக்கத்தால் போனால் முள்ளை இழுக்கும். நிலாவெளிப் பக்கத்து வள்ளமொன்றில் திசைகாட்டிக்கு அருகே ஸ்பீக்கர் பூட்டிவிட்டு, இரவு முழுக்க வேறு பக்கம் ஓடியவர்களை எனக்குத் தெரியும். போகும் வயரையும் வரும் வயரையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டால் ஒன்றின் காந்தத்தை மற்றது அழித்துவிடும். ஸ்பீக்கரை முறுக்க முடியாது, அதைத் தூரப் போடவேண்டும்.

ஜூன் 15

“எல்லாம் முடிந்தது மாமா, பாட்டுக்கு ஒரு சின்ன அம்ப்ளிஃபயர் மட்டும் பிறகு சேர்ப்பேன்” என்றான்.

நான் கோபப்பட்டேன். 1998 செப்டம்பர் 2, ஸ்விஸ்எயார் 111 என்ற பயணிகள் விமானம், அவன் இருக்கும் கனடாவின் கரைக்கு அப்பால், நோவா ஸ்கோஷியாவில். விழுந்து 229 பேர் செத்தார்கள். மேல்கூரைக்குள் வயர் பொறிந்து, சுற்றியிருந்த காப்புத் தாளில் நெருப்புப் பிடித்தது. பொறிந்த இடத்தில் இருந்தது, பயணிகள் படம் பார்க்கவும் விளையாடவும் பிறகு சேர்த்த கருவியின் வயர். விமானம் கட்டியபோது அது இல்லை. பிறேக்கர் இருந்தது, ஆனால் விட்டுவிட்டுப் பொறியும் கரண்ட் பிறேக்கரை விழுத்தும் அளவுக்கு ஏறாது.

பாட்டு வேண்டுமென்றால் இப்போதே படத்தில் கீறு, பியூஸ் எது, வயர் எந்த வழியால் என்று எழுது என்றேன். வேண்டாம், போனிலேயே கேட்கிறேன் என்றான். அங்கே உடலை மூடுமுன் ஆய்வாளர் வந்து பார்த்துக் கையெழுத்து வைக்கவேண்டும். மூடிய பிறகு சேர்ப்பதை யார் பார்ப்பது?

ஜூலை 20

கச்சான் காற்று. கடைக்குள் இருக்கமுடியவில்லை, சாமான் எல்லாம் மணல். மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டுப் பழைய குறிப்புகளை முதலிலிருந்து வாசித்தேன்.

பெப்ரவரி 10இல் பெருமைப்பட்ட தனிப் பஸ்ஸைக் கழற்றச் சொல்லிவிட்டேன்.

சொல்கிறேன். அவன் பறக்கப்போவது பகலில், வெளிச்சத்தில், நிலம் தெரியும்போது. இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஒரே மூச்சில் பறக்க அவனுடைய முதுகு விடாது. தனிப் பஸ் இல்லாமல் பற்றரி தருவது இரண்டே முக்கால் மணி, இருந்தால் நாலு. வித்தியாசம் ஒன்றேகால் மணி. அந்த நேரத்துக்காக ஒரு டையோட், ஒரு சுவிட்ச், இன்னொரு பியூஸ் பெட்டி. மூட்டுகளை எண்ணச் சொன்னேன்: பதினாலு. பதினாலு மூட்டும் பதினாலு குரங்கு. போதாததற்கு, அந்தச் சுவிட்ச் மறந்துபோய் ஒன்னில் கிடந்தால் மாஸ்டரை நிறுத்தினாலும் பற்றரி விடிய வடிந்துபோகும். புகை வந்தால் இன்னும் மோசம்: மாஸ்டரை நிறுத்துவான், எல்லாம் நின்றது என்று நினைப்பான், நின்றிருக்காது.

அப்படியானால் சோலினொயிட் விட்டால்? திரை கறுக்கும். இஞ்சின் ஓடும். கரண்ட் இல்லாத பழைய வேகமானியும் உயரமானியும் திசைகாட்டியும் பனலில் இருக்கின்றன. மடியில் கைரேடியோ ஒன்று, அதற்குத் தனிப் பற்றரி. ஏப்ரல் 9இல் ரேடியோவைப் பற்றி உருகி எழுதினேன், அந்த உருக்கத்துக்குக் கைரேடியோ போதும்.

இரவில் பறப்பவனுக்கும் மேகத்துக்குள் போகிறவனுக்கும் இந்தப் பேச்சு ஆகாது. அவர்களுக்குத் தனிப் பஸ் வேண்டும், இன்னும் கூடவும் வேண்டும்.

மருமகன் கேட்டது: “ஐந்து மாதம் நான் பூட்டினதை ஐந்து நிமிஷத்தில் கழற்றச் சொல்றீங்களே?” ஆமாம்.

ஜூலை 21

ரெகுலேற்றரைப் பற்றி எழுத மறந்தேன். காற்றுப் படும் இடத்தில் வை, இஞ்சின் சூட்டில் வைக்காதே. ஓட்டோவில் செத்த ரெகுலேற்றர் ஒரு வாளி நிறைய என்னிடம் இருக்கிறது, பெரும்பாலும் சூட்டில் செத்தவை. பற்றரியைக் கழற்றினாலும் இஞ்சின் ஓடும்தான், ஆனால் அப்படி ஓட்டாதே. ஓட்டோவில் அப்படிச் செய்தால் பல்ப் எல்லாம் ஒரே பளிச்சோடு போகும், அவன் திரை பல்ப்பைவிட விலை.

ஆகஸ்ட் 17

இங்கே கட்டிப் பறக்கலாமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையைக் கேட்காமல் ஒரு ட்ரோன்கூட ஏற்றாதீர்கள், அதிலும் சீனன்குடாத் தளத்துக்குப் பக்கத்தில். ஆனால் இந்த நாட்டில் நடக்காத காரியம் என்று நினைக்கவேண்டாம். ரே விஜேவர்தன தானே சின்ன விமானங்களைக் கட்டித் தானே ஓட்டினார். வயலில் இரு சக்கர உழவு இயந்திரத்துக்குப் பாடுபட்ட அதே பொறியியலாளர், 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகு ஓட்டியவரும் அவரே. 2010இல் காலமானார். அவர் வயரை ஈயம் வைத்தாரா நசித்தாரா என்று கேட்க எனக்கு வாய்க்கவில்லை.

செப்டம்பர் 7, அதிகாலை

முதல்முறை கரண்ட் கொடுத்தோம். அங்கே சனி பின்னேரம், இங்கே ஞாயிறு விடிய இரண்டு மணி.

பியூஸை நம்பி நேரே கொடுக்கவேண்டாம் என்றேன். வள்ளத்துக்குச் செய்வது மாதிரி, சோலினொயிட்டுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் காரின் 21 வாற் பிறேக் பல்ப் ஒன்றைத் தொடராகப் பூட்டச் சொன்னேன். எங்காவது முட்டியிருந்தால் பல்ப் முழு வெளிச்சம் காட்டும், வயர் பிழைக்கும். சுவிட்ச் எல்லாம் ஓஃப் என்றால் பல்ப் இருட்டு. ஒவ்வொன்றாகப் போடப் போட, இழுக்கும் அளவுக்கு மினுங்கும். மீற்றரே வேண்டாம்.

அதற்கு முன் இரண்டு நிறுத்தும் வயரையும் மீற்றரால் பார்த்தான். ஓஃபில் பீப், ஒன்னில் சத்தமில்லை. சரி.

போனைப் பல்ப்புக்கு நேரே பிடித்தான். மாஸ்டரைப் போட்டான். டக். பல்ப் பளிச்சென்று எரிந்தது.

நிறுத்து என்று கத்தியதில் இங்கே வீட்டில் எல்லோரும் எழும்பிவிட்டார்கள். அவன் நிறுத்தினான். எட்டு மாதம். நான் மார்ச்சிலிருந்து ஒவ்வொரு வயராக மனதுக்குள் திரும்பப் போனேன். நுனி லைற்றா, ஓட்டை விளிம்பா, இரட்டை போல்ட் தட்டா? ரப்பர் போட்டாயா என்று கேட்டேன். போட்டேன் என்றான். மறுபடி பார் என்றேன். லாச்சியைத் திறந்து அந்தக் கருகிய துண்டைக் கையில் எடுத்து வைத்திருந்தேன், ஏனென்று தெரியாது.

இருபது நிமிஷம் கழித்துத் திரும்ப வந்தான்.

“மாமா… இறங்கும் லைற் சுவிட்ச் ஒன்னில் கிடந்தது.”